மேற்குக் காட்டில் ஒரு கேள்விக்குறி

பிப்ரவரி 10, செவ்வாய்

மின்விசிறி இன்றைக்கும் சுற்றும்போதெல்லாம் முனகுகிறது. விடுதியில் என் அறைக்கு மட்டும்தான் இந்த உபகாரம். மற்றவர்களுக்கெல்லாம் அறைத்தோழிகள் இருக்கிறார்கள். என் பங்குக்கு முனக ஒரு விசிறியாவது வேண்டாமா?

ஆராய்ச்சி நிலையத்தில் இன்று நிழல்குருவிக் கணக்கெடுப்புக்கு ஆள் பிரித்தார்கள். எங்கள் இயக்குநருக்கு நான் வைத்திருக்கும் பெயர் பச்சைப்பென்சில். உலகமே கணினியில் வரைபடம் போடுகிற காலத்திலும், ஒரு பறவை வாழ்கிற இடத்தைத் தன் கையால் பச்சை தீட்டினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். சுவரில் வரைபடத்தை மாட்டிவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நின்றார். சாலைக்குக் கிழக்கே முழுக்கப் பச்சை. அங்கே நிழல்குருவி உண்டு. சாலைக்கு மேற்கே, கல்குவாரி வரைக்கும் ஒரு துண்டுக் காடு. அது வெள்ளை. அங்கே உண்டா இல்லையா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. இப்போது சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். அகலப்படுத்தினால் மேற்குக் காடு காலி. குருவி இருந்தால் மட்டும் சாலை வேறு வழி பார்க்க வேண்டும். மார்ச் நடுவில் கூட்டம். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

இளசுகளையெல்லாம் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே அனுப்பினார். கடைசியாக என் பக்கம் திரும்பினார்.

"மேற்குக்கு நீங்க போயிடுங்க மேடம். உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி."

பொறுமை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? வீட்டில் காத்திருக்க ஆள் இல்லாத ஐம்பத்திரண்டு வயதுக்காரியை நாகரிகமாக அப்படித்தான் சொல்வார்கள்.

பிப்ரவரி 11

இடுப்பு போய்விட்டது. மனசைப் பற்றி நாளைக்கு.

இந்தக் குருவி உள்ளங்கைக்குள் அடங்கும். முதுகு காய்ந்த இலை நிறம், வயிறு ஈர மண் நிறம். அலங்காரம் பண்ணிக்கொள்ளவே தெரியாத ஜென்மம். இறக்கை இருந்தும் நடந்தே காலம் தள்ளும். ஓடைக்கரை, இருட்டு, மக்கிய இலை, அதைப் புரட்டினால் புழு. இவ்வளவு போதும் அதற்கு. வெயில் மட்டும் ஆகாது. ஒரு சாலை அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தால் போதும், விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடும். மேற்கே ஏதாவது மிச்சம் இருந்தால், முப்பது வருஷத்துக்கு முன் சாலை போட்ட நாளிலிருந்து கிழக்கில் இருக்கிற சொந்தக்காரர்களின் முகத்தைப் பார்த்திருக்காது.

கண்ணால் பார்க்கிற பேச்சே இல்லை. காதால்தான் பிடிக்க வேண்டும். அதனால் நாங்கள் ஒரு திருட்டுத்தனம் செய்வோம். ஆண்குருவியின் குரலைச் சின்ன ஒலிபெருக்கியில் போடுவோம். நீளமாக இரண்டு சீழ்க்கை, இரண்டாவது 'சரி போ' என்று சலித்துக்கொண்டு இறங்கும். பக்கத்தில் நிஜக் குருவி இருந்தால், 'எவன்டா என் இடத்தில்?' என்று கோபித்துக்கொண்டு பதில் கூவும். இதன் குரலை நல்லபடியாகப் பிடித்த பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறோம். வீண் நீளம் எதற்கு என்று பச்சைப்பென்சில் கடைசிவரை கேட்காமலே அதன் வாலை வெட்டிக் கூவலை மட்டும் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்.

விடியற்காலையில் போட்டேன். காத்திருந்தேன். நகர்ந்தேன். போட்டேன்.

பதில் இல்லை.

பிப்ரவரி 14, சனி

இன்றும் பதில் இல்லை. என்னைத் தேடி ஆசையாக வந்தவை அட்டைகள் மட்டுமே. ஒன்று கழுத்துவரை வந்துவிட்டது. சத்தம் போட்டுத் திட்டினேன். காட்டில் கேட்க யார் இருக்கிறார்கள்?

பிப்ரவரி 17, செவ்வாய்

அக்கா போன் பண்ணினாள்.

"ஏண்டி, இன்னும் அந்தக் குருவி பின்னாடிதான் அலையுறியா?"

"ஆமாக்கா."

"கூப்பிட்டா பதில் சொல்லுதா?"

"இல்லக்கா."

"உன் வீட்டுக்காரரும் அப்படித்தானே இருந்தார்! அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் வக்கீல் வச்சே. இதுக்கும் வக்கீல் வைக்கப் போறியா?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா வாயைத் திறந்தால் காயத்தில் உப்பும் விழும், மருந்தும் விழும். முன்னாள் வீட்டுக்காரரைப் பற்றிப் புதுச்செய்தியும் கொடுத்தாள். இப்போது தினமும் காலையில் வேகநடை போகிறாராம், புது மனைவியோடு. என்னோடு இருந்தபோது கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போவதே அவருக்கு வெளியூர்ப் பயணம். நடக்கட்டும், நல்லா நடக்கட்டும்.

போனை வைத்த பிறகு அறையில் சத்தமே இல்லை. மின்சாரம் போயிருந்ததால் விசிறிகூட முனகவில்லை.

பிப்ரவரி 20

சமையல் அண்ணன் எனக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு மூடி வைத்திருந்தார். இளசுகள் நீள மேஜையில் கிழக்குக் கதைகளை அளந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி இரண்டு குருவி கேட்டாளாம், ஒருவன் நாலு கேட்டானாம். எனக்கு ஜன்னல் ஓரத்து ஒற்றை மேஜை.

"என்ன மேடம், உங்க பக்கம் ஒண்ணும் சிக்கலையா?"

"சிக்கிச்சு அண்ணே. பதினோரு அட்டை."

"அதைக் கணக்கெடுத்தா பச்சை அடிப்பாங்களா?"

"சிவப்புதான் அடிப்பாங்க. என் ரத்தம்தானே."

அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 23, திங்கள்

பதில் வந்துடுச்சு!

எழுத்து கோணல்மாணலா வருது, வரட்டும். ஓடைக்கு இந்தப் பக்கம், பெரிய வேர் இருக்கிற இடம். போட்டேன். உட்கார்ந்தேன். வழக்கம்போல ஒண்ணும் இருக்காதுன்னு தண்ணி பாட்டிலைத் திறந்தேன். அப்போ, ஓடைக்கு அந்தப் பக்கத்துல இருந்து... ரெண்டு சீழ்க்கை. ரெண்டாவது சலிச்சுக்கிட்டு இறங்குச்சு.

மூடியைக் கீழே போட்டுவிட்டேன். மறுபடி போட்டேன். மறுபடி பதில்.

இத்தனை வருஷத்தில் கிழக்கே நூறு தடவை கேட்ட குரல்தான். அப்போதெல்லாம் கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு கேட்டது. இது நான் கேட்டு எனக்கு வந்த பதில். அழுதேனா? கொஞ்சம். அட்டை ஏறுவதைக்கூடக் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தேன், திட்டினேன்.

பிப்ரவரி 24

இன்றும் பதில். பதிவு செய்துவிட்டேன். தூரத்தில் ஏதோ நாய் வேறு குரைத்துத் தொலைக்கிறது, சரியாகக் கூவல் முடிகிற நேரம் பார்த்து. என் அதிர்ஷ்டம் எப்போதுமே வாலோடுதான் வரும்.

பிப்ரவரி 26, வியாழன்

பதிவைக் கேட்டதும் பச்சைப்பென்சில் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். சந்தோஷம் வந்தால் அவருக்கு அப்படி.

"மேடம்! இது நம்ம ஆளேதான்!"

"ஆமா சார். ஒரு நாயும் இருக்கு."

"இருக்கட்டும். குவாரிப் பக்கத்துத் தெருநாய் காட்டுக்குள்ள வர ஆரம்பிச்சிருக்கு. தரையில நடக்கிற பறவைக்கு நாய் எமன். அதுவும் முக்கியமான தகவல்தான். தனியா ஒரு பத்தி எழுதிடுங்க."

எழுதினேன். 'மேற்குக் காட்டில் நாய்த்தொல்லை' என்று தலைப்புக் கொடுத்து ஒரு பக்கம். அவ்வளவு பொறுப்பானவள் நான்.

மத்தியானம் நீள மேஜையில் எனக்கு இடம் ஒதுக்கிக் கூப்பிட்டார்கள். "அக்கா, எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" நேற்றுவரை மேடம், இன்று அக்கா. அதிகம் பேசினேன். கொஞ்சம் அளந்தும் விட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

விடுமுறை. ஆனாலும் போனேன்.

ஒரு விஷயத்தை எழுதித் தொலைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள். கிளம்பும் முன் கண்ணாடியில் பார்த்துத் தலையை ஒழுங்காக வாரிக்கொண்டேன். உள்ளங்கை அளவுக் குருவிக்காக. அதுவும் இலைக்கடியிலிருந்து தலையைத் தூக்காத குருவிக்காக.

அது கூவியது. நான் போட்டேன். அது கூவியது. என் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு நானே சீழ்க்கை அடித்துப் பார்த்தேன். காற்றுத்தான் வந்தது. ஆனாலும் அது காத்திருந்துவிட்டுப் பதில் சொன்னது. பாவம், அதுவும் முப்பது வருஷமாக யாருடனும் பேசாமல் இருந்திருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

நிலையமே தலைகீழ். சாலைத் திட்டக்காரர்கள் தங்கள் செலவில் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், குவாரிப் பக்கத்திலிருந்து. அவர்கள் ஆளும் நிழல்குருவி இருக்கிறது என்றே எழுதிக் கொடுத்துவிட்டாராம். பச்சைப்பென்சிலுக்கு இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன.

"எதிராளியோட ஆளே ஒத்துக்கிட்டான் மேடம்! ரெண்டு பேர், தனித்தனியா, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சுவரில் மேற்குத் துண்டைப் பச்சை தீட்டினார். பென்சில் முனை உடைந்தது. மறுபடி சீவித் தீட்டினார்.

நாளைக்கு ஒலிபெருக்கியை எடுத்துப் போகப் போவதில்லை. சும்மா போய், ஓடையைத் தாண்டி, தூரத்தில் நின்று ஒரே ஒரு தடவை அதன் முகத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

கடைசியில் ஒலிபெருக்கியும் பையோடு வந்துவிட்டது. பழக்கம்.

ஓடையைத் தாண்டினேன். உட்கார்ந்தேன். நான் எதுவும் போடவில்லை. ஆனாலும் கூவியது. மிகப் பக்கத்தில். மூச்சை அடக்கிக்கொண்டு நகர்ந்தேன். இன்னொரு கூவல். உடனே ஒரு நாய், லொள் லொள், கைக்கெட்டும் தூரத்தில்! குருவியைக் கடித்துவிடப் போகிறதே என்று ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு புதரை விலக்கினேன்.

நாய் இல்லை. கறுப்புக் குடை ஒன்று, மரத்தடி இருட்டில், மழையே இல்லாதபோது விரித்தபடி. அதன் கீழே பிளாஸ்டிக் முக்காலியில் ஒரு மனிதர். என் வயதிருக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகியிருந்தார். காலடியில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. என் கண்ணெதிரே அது இரண்டு சீழ்க்கை அடித்தது. பிறகு குரைத்தது.

"யாரும்மா நீங்க?" என்றார் அவர்.

"நீங்க யாரு?"

"சாலைத் திட்டத்துக்காகப் பறவை கணக்கெடுக்கிறேன். கொஞ்சம் மெதுவா பேசுங்க, பதில் வர்ற நேரம்."

"வராது."

"வரும்மா. ரெண்டு வாரமா வருதே. முதல்ல குருவி கூவும். அப்புறம் விறகு பொறுக்க வர்ற அம்மா யாரோ அட்டையைத் திட்டும்."

"என்னன்னு திட்டும்?"

தயங்கினார். மரியாதைப்பட்ட ஆள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

பையிலிருந்து என் ஒலிபெருக்கியை எடுத்து அமுக்கினேன். இரண்டு சீழ்க்கை.

அவர் மெதுவாகக் குடையை மடக்கினார்.

"உங்க பதிவுல நாய் இல்லையே?" என்றார்.

"எங்க டைரக்டர் வெட்டிட்டார். உங்களுக்கு அது நாய்னு தெரியலையா?"

"இத்தனை வருஷமா இதே பதிவுதான் போடுறேன். எனக்கு அந்த நாய் காதுலயே விழறதில்ல."

ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர் நிறுத்திவிட்டார். எனக்கு நிறுத்த வரவில்லை. முடிவில் அது சிரிப்பாகவும் இல்லை. அவர் குடையை மறுபடி விரித்து என் பக்கம் நீட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 7, சனி

சாலையோர டீக்கடையில் குடைக்காரரைச் சந்தித்தேன். அவர் வரச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். கேட்கக்கூடாததைக் கேட்கவேண்டியிருந்தது.

"நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கிட்டா அந்தக் காடு பிழைச்சுடும்."

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"மேற்கையும் பச்சையாக்கினா, வரைபடத்துல குருவிக்கு எவ்வளவு பெரிய இடம் ஆயிடும், பார்த்தீங்களா?" என்றார். "அவ்வளவு பரப்புல இருக்கிற பறவைக்கு என்ன ஆபத்துன்னு சொல்லிடுவாங்க. அடுத்தது கிழக்கேதான் கை வைப்பாங்க. நிஜமா இருக்கிறதும் அங்கதான்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் கேட்டீங்க?"

"தெரிஞ்சதாலதான் உங்களைக் கேட்டேன். எனக்கு நானே சரின்னு சொல்லிக்க முடியல."

இதையேதான் வருஷாவருஷம் புதுப்பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்துகிறேன். இல்லாத இடத்தைப் பச்சை தீட்டினால், இருக்கிற இடத்தின் பச்சை வெளுத்துப்போகும். நானே நடத்திய பாடத்தில் நானே தோற்றிருப்பேன்.

"குருவி இருக்குன்னு நீங்க எழுதினது உங்க ஆளுங்களுக்குப் பிடிக்கலையாமே?" என்றேன்.

"வேலை போயிடும்னுதான் நினைச்சேன். கேட்டதை எழுதினேன்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "கேட்டது உங்களைன்னு அப்போ தெரியாது."

திங்கட்கிழமை இருவரும் அவரவர் இடத்தில் சொல்லிவிடுவது என்று முடிவு.

மார்ச் 8

ஞாயிறு. காட்டுக்குப் போகவில்லை. போய் யாரைக் கூப்பிடுவது?

மார்ச் 9, திங்கள்

சொல்லிவிட்டேன்.

பச்சைப்பென்சில் கண்ணை மூடவில்லை. திறந்த கண்ணோடு பார்த்துக்கொண்டே இருந்தார். அதைத் தாங்கத்தான் முடியவில்லை.

"நாய்க்குத் தனியா ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கோம் மேடம்."

"ஆமா சார்."

"தெருநாய் பிடிக்கணும்னு நகராட்சிக்கு வேற எழுதிட்டேன்."

நாயைப் பற்றிய என் பக்கத்தைக் கோப்பிலிருந்து உருவி எடுத்தேன்.

சுவரில் இருந்த வரைபடத்தின் முன்னால் நின்று, ரப்பரை எடுத்து அழிக்க ஆரம்பித்தார். பச்சை முழுதாகப் போகவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உள்ளே நுழைந்ததும் நீள மேஜையிலிருந்து யாரோ மெதுவாக 'லொள்' என்றார்கள். எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டு குலுங்கினார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், இன்னும் நன்றாகக் குரைத்திருப்பேன். ஜன்னல் மேஜையில் போய் உட்கார்ந்தேன். சமையல் அண்ணன் மட்டும் வந்து இன்னொரு கரண்டி போட்டார்.

காடு போகும். அது வருத்தம். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், இன்று மனசு அடித்துக்கொண்டது அதற்காக இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கத்தில் யாரோ இருந்தார்கள், என் குரல் கேட்டால் பதில் சொன்னார்கள். இரண்டு வாரம். அவ்வளவுதான். என்ன பொம்பளை நான், என்ன படிப்பு படித்தேன், ஒரு டப்பாவோடு போய்க் கொஞ்சிவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

கூட்டம். குளிர்சாதன அறை, பெரிய மேஜை. தங்கள் பக்கம் ஜெயித்துவிட்டதாகச் சாலைத் திட்ட அதிகாரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குடைக்காரரை எழுந்து சொல்லச் சொன்னார்கள். அவர் சொல்ல ஆரம்பித்ததும் பாதியில் அறையே சிரித்தது. அவர் காது சிவந்துபோனது. நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதைவிட இரண்டு பேரைப் பார்த்துச் சிரிப்பது கொஞ்சம் கஷ்டம்.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆகமொத்தம், மேற்கே அந்தக் குருவி இல்லை. எழுதிக்கலாமா?"

"எழுதக்கூடாது சார்" என்றேன்.

"ஏன்?"

"இல்லைன்னும் எங்களுக்குத் தெரியாது. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருந்தோம். நடுவுல குருவி கூவியிருந்தாக்கூட, அது குருவியா இவரான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. இந்தக் கணக்கெடுப்பே செல்லாது. உண்டுன்னும் செல்லாது, இல்லைன்னும் செல்லாது."

இதை நான் முன்கூட்டியே யோசித்து வரவில்லை. சத்தியமாக வாயில் வந்தது. குடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பச்சைப்பென்சில் ஒரு கண்ணை மூடினார்.

ஒருமணி நேரம் சண்டை போட்டார்கள். முடிவில் கணக்கெடுப்பை முதலிலிருந்து நடத்துவது என்று ஆனது. குருவி கூவுவது மழை தொடங்கும்வரை. அதுவரைக்கும் பார்ப்பது, முடியாவிட்டால் அடுத்த பருவமும் பார்ப்பது, முடிவு தெரியும்வரை மேற்கே ஒரு மரத்திலும் கைவைக்கக்கூடாது. ஒரு நிபந்தனை. இரண்டு தரப்பும் ஒன்றாகப் போகவேண்டும். காட்டுக்குள் ஒரே ஒரு ஒலிபெருக்கிதான்.

மார்ச் 24, செவ்வாய்

யாருடைய ஒலிபெருக்கி என்பதில் சின்ன வாக்குவாதம். என்னுடையதுதான். நாய் இல்லாதது.

அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுகிறேன், காட்டுக்கு வெளியில். உள்ளே போனால் வாய் திறக்கக்கூடாது. ஐம்பத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு நேரம் ஒரு மனிதர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது குடை எதற்கு என்று கேட்டேன்.

"மேல இருந்து அட்டை விழும். குடையில விழுந்தா சத்தம் கேட்கும். தட்டிவிட்டுடலாம்."

இத்தனை வருஷமாக எனக்கு இது தோன்றவில்லையே!

மார்ச் 30

பதில் இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு மூக்கு ரொம்ப நீளம்.

"என்னடி, மூணு வாரமா போன்ல விசிறியைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை?"

"ரிப்பேர் பண்ணியாச்சு."

"யாரு பண்ணினாங்க?"

"கூட வேலை செய்யறவர். குடை கம்பியை வச்சு ஏதோ பண்ணினார்."

"ஓஹோ!"

"என்ன ஓஹோ? அவர் சாலைக்காரங்க ஆள். எதிரிக்கா."

"ஓஹோ!"

வைத்துவிட்டேன். முனகல் இல்லாமல் முதல் இரண்டு ராத்திரி தூக்கமே வரவில்லை, அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

இந்த வருஷத்து வரைபடம் அச்சாகி வந்துவிட்டது. கிழக்கே பச்சை. மேற்கே பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. துண்டுக்கு நடுவில் ஒரு கேள்விக்குறி, பச்சைப்பென்சிலின் சொந்தக் கையெழுத்தில். அந்தக் கேள்விக்குறி இருக்கிறவரை காடு இருக்கும். அடுத்த பருவத்துக்கும் எங்கள் இருவர் பெயரையே போட்டிருக்கிறார்.

"உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே மேடம்?"

"எனக்குத்தான் பொறுமை ஜாஸ்தியாச்சே சார்."

மே 4, திங்கள்

மேகம் இறங்கிவிட்டது. இந்தப் பருவத்துக்கு அநேகமாக இதுவே கடைசி. பெரிய வேரின் மேல் உட்கார்ந்து ஒரு தடவை போட்டோம். தூறல் குடையில் விழ ஆரம்பித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

இன்றும் பதில் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து கேட்டோம்.